மிளகளவு

பாட்டிலைப் பைக்குள் போட வேண்டாம், கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஃபாரூக் சொல்லியிருந்தார். அதனால் சங்கரன்கோவிலில் பஸ் ஏறியதிலிருந்து ஆவுடையப்பன் அதை மடியில் வைத்துத் துண்டால் மூடியிருந்தார். வாயகன்ற சின்ன வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. மூடுவதற்கு முன்னால் நேற்று ஒருமுறை காட்டினார்கள். தெளிந்த மருந்துத் தண்ணீரில் பாதி நாவல்பழம் போல ஒரு சதை கிடந்தது. அடியில் குட்டையாக ஒரு காம்பு. தன் குடலுக்குள் இத்தனை காலம் குடியிருந்தது இதுதானா என்று அவருக்குக் கோபம்கூட வரவில்லை. யாரோ தெரியாத ஒருவரின் போட்டோவைப் பார்ப்பது போல இருந்தது.

ஜன்னல் பக்கம் அவருடைய அண்ணன் மனைவி அன்னக்கிளி உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பனுக்குக் கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. அண்ணன் முத்துமணி போன பிறகும் மதினி கையால்தான் சாப்பாடு. திருநெல்வேலி லேபுக்குத் தனியாகப் போகிறேன் என்று அவர் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை.

"தம்பி, மூடி இறுக்கமா இருக்கா?"

"இருக்கு மயினி."

"நல்லா மூடினேனான்னு ஒரு சந்தேகம்."

"நீங்க எங்க மூடினிய? அவுகள்லா மூடிக் குடுத்தாவ."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். ஏன் அப்படி ஒரு சந்தேகம் என்று அப்போதே அவர் கேட்டிருக்கலாம். ஆனால் பேச்சு நின்ற இடத்தில் அப்படியே நிற்கவிடுவது அவருக்குப் பழக்கம். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வாசலில் நாலு வார்த்தைக்கு மேல் பேச அந்த வேலையில் இடமிருந்ததில்லை.

இந்த வருஷம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் குறைவாக இருக்கிறது என்றார்கள். எங்கே போகிறது என்று தெரியவில்லை. கடையநல்லூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ராஜபாளையம் ரோட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் டாக்டர் ஃபாரூக், குழாய் விட்டுப் பார்த்துவிடுவோம் என்றார். பார்த்தார், எடுத்தார். மயக்கம் தெளிந்ததும் அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் ஆவுடையப்பனுக்கு நினைவிருந்தது.

"குடலுக்குள்ள ஒரு மரு மாதிரி வளர்ந்திருக்கு அண்ணாச்சி. பாலிப்னு சொல்லுவோம். காம்போட எடுத்தாச்சு. இது ஒருநாள்ல வாற சாமான் இல்ல. கடுகளவுல ஆரம்பிக்கும், மிளகளவு ஆகும், அப்புறம் கடலை, நெல்லிக்கா. சத்தமே காட்டாது. பத்து வருசம்கூட எடுக்கும். எல்லாம் அப்படி ஆகாது, சிலதுதான் கடைசில புத்துநோயா மாறும். உங்களது மாறிருச்சா, மாறலையான்னு மைக்ராஸ்கோப்புலதான் தெரியும். வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

"எங்க அண்ணன். நாப்பத்தெட்டு வயசுல தவறிட்டாவ. கடைசில வயித்தத் தொறந்து பாத்துட்டு, குடல்ல கட்டின்னாவ."

"அதுக்கு முன்னாடி?"

"மூலம்னு இருந்தோம்."

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார். "அவுகளுக்குப் பிள்ளைய?"

"ஒரு பையன். முப்பத்தொம்பது."

"அடுத்த ஞாயிறு அவரைக் கூட்டிட்டு வாங்க. உங்க ரிசல்ட் எப்படி வந்தாலும் சரி. உங்களுக்கு எடுத்தாச்சு. இனிமே அவருதான் முக்கியம்."

அந்த ஒரு வாக்கியம்தான் நேற்றிலிருந்து ஆவுடையப்பனின் நெஞ்சில் கனத்துக் கிடக்கிறது. மடியில் இருக்கும் பாட்டில் அதைவிட லேசுதான். அண்ணன் மகன் மாரிச்செல்வம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அவனும் டிரைவர். அண்ணன் ஓட்டிய அதே சங்கரன்கோவில் திருநெல்வேலி தடத்தில், அதே முதலாளி வீட்டின் தனியார் பஸ். நேற்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சம்மணம் போட்டுக்கொண்டு, கருணைக்கிழங்கு மசியலை வழித்துத் தின்றபடி சொன்னான்:

"எனக்கு என்ன கேடு சித்தப்பா? சூடு. டிரைவர் சீட்டுல உக்காந்தவன் எவனுக்கு இல்ல? எஞ்சின் மேல உக்காந்து பொழைக்கோம். கிழங்கு திங்கேன், மோர் குடிக்கேன். எங்கய்யா மாதிரி முத்த விட்டாத்தான ஆபத்து."

"டாக்டர் சொன்னாவ, மூலம் வேற, இது வேறன்னு."

"டாக்டரு டவுன்ல ஏசி கார்ல போறவரு. அவருக்கு எஞ்சின் சூடு தெரியுமா? அதெல்லாம் போகட்டும், பின்னாடி குழாய் விட்டான்னு ஸ்டாண்டுல ஒரு பய கேட்டாம்னு வைங்க, நான் பொறவு ஹாரன் அடிச்சாலே சிரிப்பானுவ."

அவன் மனைவி முத்துமாரி உள்ளேயிருந்து, "இப்ப மட்டும் சிரிக்காம இருக்கானுவளோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தபோது பேச்சும் முடிந்திருந்தது. அன்னக்கிளி மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி கிழங்கை மகன் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பஸ் பனவடலிசத்திரத்தில் நின்று கிளம்பியது. இது அரசு பஸ். மகன் ஓட்டும் வண்டியில் இந்தப் பாட்டிலோடு ஏற மாட்டேன் என்று மதினி பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள்.

இந்த ரோட்டில் அண்ணன் ஓட்ட, பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து போன நாட்கள் ஆவுடையப்பனுக்கு எண்ணிக்கை இல்லாதவை. கல்லூரிக்குப் போனது, பரீட்சைக்குப் போனது, வேலைக்கு மனுப் போட்டது எல்லாம் அந்த மூடிமேல் உட்கார்ந்துதான். அண்ணன் வண்டி எடுப்பதற்கு முன்னால் பூ மார்க்கெட்டில் வாங்கிய பிச்சிச் சரத்தைச் சாமி படத்துக்குப் போடுவான். போட்டுவிட்டு மிச்சமிருக்கும் சாணளவு சரத்தை ஸ்டியரிங்கின் நடுவில் சுற்றுவான். வண்டி சூடேற ஏறப் பூவும் டீசலும் கலந்து ஒரு வாசம் வரும். அந்த வாசத்தை வேறு எங்கேயும் அவர் முகர்ந்ததில்லை. மின்வாரிய வேலைக்கு உத்தரவு வந்த அன்று அண்ணன் வண்டியில் ஏறிய அத்தனை பேருக்கும் லட்டு கொடுத்தான். "எந்தம்பிக்கு கவர்மெண்டு வேல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். மானூரில் ஏறிய ஒரு கிழவர் லட்டை வாங்கிக்கொண்டு, "பொண்ணு பாக்கலியா வே?" என்று கேட்டதற்கு, "பாக்கணும் அண்ணாச்சி, பயலுக்கு வாயே தொறக்க மாட்டேங்கு" என்றான்.

எவ்வளவோ வருஷமாக இந்த நாட்களைத்தான் ஆவுடையப்பன் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து வாழ்ந்துகொண்டிருந்தார். நேற்றோடு அவையும் மாறிவிட்டன. பத்து வருஷம் என்று டாக்டர் சொன்ன நிமிஷத்திலிருந்து மனம் தானாகவே பின்னால் போகத் தொடங்கியது. அண்ணன் போன வருஷத்திலிருந்து பின்னால். லட்டு கொடுத்த அன்றைக்கு அது இருந்ததா? இருந்திருக்கும். கடலையளவு இருந்திருக்கும். அதற்கும் முன்னால், ஆடித்தபசுத் திருவிழா அன்று கோவிலைச் சுற்றிச் சுற்றி நடந்தபோது? மாரிச்செல்வம் அப்போது சின்னப் பயல். கால் வலிக்கிறது என்று அழுதவனை அண்ணன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக ஆடிச்சுற்றுச் சுற்றினான். பயல் அப்பன் தலைமுடியை லகான் மாதிரிப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே ஹாரன் அடித்தபடி வந்தான். அண்ணனுக்கு அன்று என்ன வயது? இப்போது மாரிச்செல்வத்துக்கு ஆகும் வயது. அன்று அது மிளகளவு இருந்திருக்கும். ஒரு மிளகு. யாராவது அன்றே குழாய் விட்டுப் பார்த்திருந்தால் ஒரு கம்பி வளையத்தில் சுருக்கி, காபி குடிக்கிற நேரத்தில் எடுத்துப் போட்டிருக்கலாம்.

தேவர்குளத்தில் பஸ் நின்றது. டீக்கடை அங்கேயே இருந்தது. இப்போது கண்ணாடி போட்டு, பேக்கரி என்று எழுதியிருந்தார்கள். அண்ணனுடைய கடைசி இரண்டு வருஷமும் வண்டி இங்கே வந்தால் நிற்கும். அவன் இறங்கிக் கடைக்குப் பின்னால் போவான். வர நேரமாகும். பிரயாணிகள் முணுமுணுப்பார்கள். "டிரைவர் அண்ணாச்சிக்குச் சூடு, கொஞ்சம் பொறுங்க" என்று கண்டக்டர் சமாளிப்பார். பிறகு சீட்டின்மேல் காற்றடைத்த ரப்பர் வளையம் வந்தது. பேண்ட் இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டைகள் வந்தன. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது மூலம்தான். துத்தி இலையை நெய்யில் வதக்கினார்கள். கருணைக்கிழங்கு அவித்தார்கள். எஞ்சினைத்தான் திட்டினார்கள்.

"இங்கனதான் எறங்குவாவ" என்றாள் மதினி, கடையைப் பார்த்தபடி.

"ஆமா."

பஸ் திருநெல்வேலியைப் பார்த்துக் கிளம்பியது.

டாக்டர் சண்முகப்ரியாவின் லேப் வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. கண்ணாடி போட்ட, சிரித்த முகமுள்ள பெண். பாட்டிலை வாங்கித் திறந்தார். உள்ளே பார்த்தார். மறுபடி பார்த்தார். இடுக்கியை விட்டு எதையோ எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தார். கறுப்பாக, உருண்டையாக ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு மூன்று.

"என்ன அண்ணாச்சி இது? மிளகு?"

ஆவுடையப்பன் தட்டுக்கு மேல் குனிந்து பார்த்தார்.

"அடில கல்லுப்பு வேற கெடக்கு. சூப்பு வைக்கவா கொண்டு வந்திய?"

அவர் மெல்லத் திரும்பி மதினியைப் பார்த்தார். அன்னக்கிளி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருன்னுதான டாக்டரு சொன்னாவ" என்றாள். "மருவுக்கு உப்பு மிளகு போட்டா உதுந்துரும். தெப்பக்குளத்துல போடுவோம். காலைல குளத்துக்குத்தான் போனேன். போட்டேன். பொறவு கையில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு."

"மயினி!"

"மருந்த நான் கொட்டல தம்பி. மூடியத் தொறந்து உள்ள போட்டேன், அம்புட்டுத்தான்."

ஆவுடையப்பன் பாட்டிலை எட்டிப் பார்த்தார். எல்லாம் இந்தச் சதைத் துண்டை வைத்துத்தான் தெரியும் என்று டாக்டர் ஃபாரூக் சொல்லியிருக்கிறார். காம்பு சுத்தமா இல்லையா, குடலை வெட்ட வேண்டுமா வேண்டாமா, எல்லாமே. அது கெட்டுப்போயிருந்தால் இன்னொரு துண்டுக்கு எங்கே போவது?

டாக்டர் சண்முகப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயப்படாதீங்க. பார்மலின் மருந்து அப்படியே இருக்கு. உப்பு ஒண்ணும் செய்யாது. பழைய காலத்துல நாங்களே பார்மலின்ல உப்புச் சேர்த்துத்தான் வைப்போம். மிளகுதான் எங்க பாடத்துல இல்ல." மதினியின் பக்கம் திரும்பி, "ஆனா இனிமே இப்படிச் செய்யாதீங்கம்மா. மருந்தைக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்தியிருந்தீங்கன்னா எல்லாம் போயிருக்கும்" என்றார்.

அன்னக்கிளி தலையாட்டினாள். தட்டில் கிடந்த மிளகுகளைத் திருப்பிக் கேட்கலாமா என்பது போல ஒருமுறை பார்த்தாள். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி போனார்கள். டாக்டர் அவரை மைக்ராஸ்கோப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒரே கருவியில் இரண்டு பேர் பார்க்கிற மாதிரி இரண்டு ஜோடிக் கண்ணாடிகள். ஆவுடையப்பன் குனிந்தார். ரோஸும் ஊதாவுமாக ஒரு பூந்தோட்டம் விரிந்தது. அழகாக இருந்தது. அழகாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"இந்தப் பக்கம் நல்ல குடல். ஊதாப் புள்ளியெல்லாம் வரிசையா அடியில உக்காந்திருக்கா? சீட்டுல ஆளுக உக்காந்த மாதிரி? இப்ப அந்தப் பக்கம் வாங்க."

காட்சி நகர்ந்தது. புள்ளிகள் நீண்டு, கறுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்து நின்றன.

"இது ஆடித்தபசு பஸ்ஸு" என்றார் டாக்டர். "சீட்டு நம்பர் கெடையாது, வரிசை கெடையாது. சில இடத்துல நெருக்கடி ரொம்பவே அதிகம். அந்த இடம் புத்துநோய்க்கு அடுத்த வீடு. ஆனா பாருங்க, ஒருத்தன்கூடப் படி தாண்டி ரோட்டுல இறங்கல. இறங்கினாத்தான் புத்துநோய். காம்பு சுத்தமா இருக்கு. வெட்டின இடமும் சுத்தம். உங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம். சொன்ன வருசத்துல திரும்பக் குழாய் விட்டுப் பாத்துக்கிட்டா போதும்."

ஆவுடையப்பன் கண்ணை எடுக்கவில்லை. மீதிக் கதை அவருக்குத் தெரியும். அண்ணனுக்குள் ஒருநாள் அவர்கள் படி தாண்டி இறங்கியிருக்கிறார்கள். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கும் அண்ணன் பிச்சிச் சரம் வாங்கியிருப்பான். மிச்சத்தை ஸ்டியரிங்கில் சுற்றியிருப்பான்.

"டாக்டரம்மா" என்றாள் அன்னக்கிளி பின்னாலிருந்து. "மூலம் முத்துனா இப்படி ஆகுமா?"

"இல்லம்மா. மூலம் மூலமாத்தான் இருக்கும். அது ரத்தக்குழா வீங்குறது. இது வேற எடத்துல, வேற மாதிரி வளருறது. ரெண்டுலயும் ரத்தம் போகும், அதான் ஆளுகளுக்குக் குழப்பம். ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்துருவாக."

"அப்ப கருணைக்கெழங்கு?"

"நல்ல காய்தான். தாராளமா சாப்பிடலாம். ஆனா இதுக்கு ஒண்ணும் கேக்காது."

 திரும்பி வரும்போது தேவர்குளத்தில் மதினி கடைப்பக்கம் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மாரிச்செல்வம் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, தட்டின் முன் உட்கார்ந்தான். சித்தப்பாவுக்கு நல்ல சேதி என்று கேள்விப்பட்டு சந்தோஷமாக இருந்தான். சோறு, குழம்பு, அவரைக்காய்.

"கிழங்கு எங்கம்மா?"

"இல்ல."

"மார்க்கெட்டுல இல்லியா?"

"மார்க்கெட்டுல இருக்கு. இந்த வீட்டுல இனிமே இல்ல."

மாரிச்செல்வம் சித்தப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தான். "பாட்டிலுக்குள்ள மிளகு போட்டவகதான நீங்க? டாக்டரம்மா ஏசினாவளோ? அந்தக் கோவத்த எங்கிட்டக் காட்டுதிய."

அன்னக்கிளி அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். சாப்பிடும் மகனுக்கு எதிரே அவள் உட்கார்ந்து ஆவுடையப்பன் பார்த்ததில்லை. பரிமாறுகிறவள் நின்றுகொண்டுதான் இருப்பாள்.

"ஒங்கய்யாவுக்கு ரெண்டு வருசம் அவிச்சுப் போட்டேன்ல. தொண்டை அரிக்கக் கூடாதுன்னு புளி ஊத்தி, மோர்ல கழுவி. ருசியா இருக்கு கிளி, இன்னும் கொஞ்சம் வையின்னு சொல்லிச் சொல்லித் தின்னாவ. நானும் வச்சேன். அது அதுபாட்டுக்கு உள்ள வளந்துருக்கு."

"அது பழைய கத, விடுங்கம்மா."

"மிளகு யாருக்குப் போட்டேன்னு நெனச்ச? ஒஞ் சித்தப்பாவுக்கா? அவுகளுக்கு எடுத்தாச்சுல்லா. எடுத்ததுக்கு எதுக்கு மிளகு? ஓம்பேரச் சொல்லிப் போட்டேன்."

அவன் கை தட்டில் நின்றது.

"மெஷின்ல போடதுக்கு முன்னால ஒன் கைலியில ரத்தக் கறைய அலசிப் போடுதது யாரு? முத்துமாரியா? நாந்தான். அவ பாத்துரக் கூடாதுன்னு அவளுக்கு முன்னால எந்திச்சு அலசுதேன். பொங்கலுக்கு முன்னால இருந்து அலசுதேன்."

அடுப்படி வாசலில் முத்துமாரி வந்து நின்றாள்.  மேலே மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. இந்த மாதிரி மௌனங்களில் ஆவுடையப்பனுக்குப் பழக்கம் உண்டு. ஆனால் இது நீண்டுகொண்டே போனது. எதையாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. சொல்லவில்லை.

கடைசியில் மாரிச்செல்வம் சொன்னான், குரலே வேறாக இருந்தது. "எங்கய்யாவ வண்டியவிட்டு எறக்கினாவள்ளா சித்தப்பா? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த மறு வாரம். வேற ஆளு போட்டாச்சு, நீ ரெஸ்ட் எடுன்னு முதலாளி சொன்னாரு. அய்யா தெனமும் காலைல ஸ்டாண்டுக்குப் போய் அந்த வண்டி பொறப்படுததப் பாத்துட்டு வருவாவ. நானும் கூடப் போவேன். ஒருநாள் சரம் வாங்கிட்டுப் போய்க் குடுத்தாவ. புது டிரைவரு வாங்கி டேஷ்போர்டுல வச்சுட்டு வண்டிய எடுத்துட்டான். ஸ்டியரிங்குல சுத்தல."

ஆவுடையப்பனுக்கு அது தெரியாது. அண்ணனைப் பற்றி இன்னும் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு வலித்தது. கொஞ்சம் இனிமையாகவும் இருந்தது.

"கட்டி இருந்தாத்தாம்ல எறக்குவாவ" என்றார். "கடுகோ மிளகோ இருந்தா எடுத்துட்டு மறுநா வண்டி எடுத்துரலாம். நான் எந்திச்சு நிக்கேம்லா?"

மாரிச்செல்வம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவரைக்காயை எடுத்து வாயில் போட்டான். "உப்பு இல்ல" என்றான். "எல்லாத்தையும் பாட்டில்ல போட்டுட்டியளா?"

அதுதான் சம்மதம்.

சனிக்கிழமை சாயங்காலம் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. வயிற்றைக் கழுவ மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலக்கி, பெரிய ஜாடி நிறையக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட வேண்டும். மாரிச்செல்வம் குடித்தான், ஓடினான், வந்தான், வாசல் படியில் சித்தப்பா பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தான்.

"இதுக்குப் பதிலா திருநெல்வேலி வர ரிவர்ஸ்லயே போயிருவேன் சித்தப்பா."

"போவ."

"இன்னும் ஒரு ஜாடி இருக்குங்கா அவ."

"குடி."

கோவில் பக்கமிருந்து நாதஸ்வரம் மெலிதாகக் கேட்டது. மாரிச்செல்வம் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"எங்கய்யா தோள்ல என்ன வச்சுக்கிட்டு ஆடிச்சுற்றுச் சுத்தினாவளே, ஒங்களுக்கு ஞாவகம் இருக்கா? முடியப் புடிச்சு இழுத்தா, 'ஏலே, பிரேக்கு அங்கன இல்லல'ம்பாவ."

"இருக்கு."

"அன்னைக்கு எனக்கு ரொம்ப ஒசரமா இருந்துச்சு. கோவுரத்தத் தொட்டுரலாம் போல."

ஆவுடையப்பன் தலையசைத்தார். அன்று அண்ணனுக்குள் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கணக்கு அவரோடு இருக்கட்டும். இவனிடம் அந்த நாள் முழுசாக இருக்கிறது. அதில் மிளகைப் போட வேண்டாம். மாரிச்செல்வம் திடீரென்று எழுந்து உள்ளே ஓடினான்.

மறுநாள் டாக்டர் ஃபாரூக் வெளியே வந்தபோது அன்னக்கிளி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.  டாக்டர்தான் குனிந்து சொன்னார்.

"கட்டி எதுவும் இல்ல ஆத்தா. ரெண்டு சின்ன பாலிப் இருந்துச்சு, மிளகளவுதான். எடுத்துட்டேன். லேபுக்குக் கொண்டு போய்ப் பாத்துருங்க, பயப்படும்படி இருக்காது. ரத்தம் போனது அதால இல்ல. அவருக்கு மூலமும் இருக்கு."

திரைக்குப் பின்னாலிருந்து மயக்கம் பாதி தெளிந்த குரல் வந்தது. "நாந்தான் சொன்னம்லா! மூலம்னு சொன்னம்லா சித்தப்பா!"

"சொன்ன, சொன்ன" என்றார் ஆவுடையப்பன்.

"கிழங்க நிறுத்திட்டாளே எங்கம்மா!"

முத்துமாரி தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை புதுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர்கள் மாரிச்செல்வத்தின் வண்டியிலேயே ஏறினார்கள். மதினி இந்தமுறை மறுக்கவில்லை. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். கண்டக்டர் சங்கரசுப்பு, "என்ன அத்தை, மகன் வண்டியில ஓசியா?" என்று கேட்டுக்கொண்டே போனான். பாட்டிலை அன்னக்கிளியே மடியில் வைத்திருந்தாள். மாரிச்செல்வம் சாமி படத்துக்குச் சரம் போட்டான். மிச்சத்தைக் கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தான். ஸ்டியரிங்கின் நடுவில் சுற்றினான். இதற்கு முன்னால் அவன் அப்படிச் சுற்றி ஆவுடையப்பன் பார்த்ததில்லை.

வண்டி ஊரைத் தாண்டியது. கொஞ்சம் சூடேறியதும் வாசம் வந்தது. பூவும் டீசலும் கலந்த அதே வாசம். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி" என்றாள் அன்னக்கிளி காதோரம். "உப்பு ஒண்ணும் செய்யாதுன்னுதான அந்த டாக்டரம்மா சொன்னாவ?"

அவர் கண்ணைத் திறந்து பாட்டிலைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார்.

"சொன்னாவ மயினி."

"ஒரே ஒரு கல்லுதான்" என்றாள் அவள். "மிளகு போடல."

 அந்த வெள்ளைப் பாட்டிலுக்குள் கிடப்பது எது என்று அவருக்குத் தெரியும். ஆடித்தபசுக் கூட்டத்தில் அண்ணன் தெரியாமல் சுமந்துகொண்டு நடந்த அதே அளவு. அன்று எடுக்க முடியாதது இப்போது மதினியின் மடியில், மூடிபோட்டு, ஒரு கல் உப்போடு.

தேவர்குளம் வந்தது. வண்டி நின்றது. ஆவுடையப்பன் பழக்கத்தில் டீக்கடைப் பக்கம் திரும்பினார். மதினியும் திரும்பினாள். கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள், ஒரு மாணவி ஏறினாள். டிரைவர் சீட்டில் இருந்தவன் கடையைப் பார்க்கக்கூட இல்லை. சங்கரசுப்பு விசில் ஊதினான். மாரிச்செல்வம் கியரைப் போட்டு வண்டியை எடுத்தான்.